தோமையார் டீச்சர் வாங்கிய வண்டி

அந்த டீச்சர் குடை வாங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் கறுப்புக் குடை ஒன்றை விரித்துக் காட்டி, "நல்ல துணி டீச்சர், ஒரு சொட்டு எறங்காது" என்றார். டீச்சர் குடையோடு தெருவில் இறங்கினார். அன்றைக்கு நல்ல வெயில். தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, கடை வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டி, "அந்தக் குடத்துத் தண்ணிய ஊத்துங்க" என்றார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நனைஞ்சுட்டா அத நான் எப்படி விக்கிறது டீச்சர்?"

"மழைக்கு வாங்குற குடை. மழையில நனைஞ்சா விலை போகாதுன்னா அது என்ன குடை?"

அவர் ஊற்றினார். வேறு வழியில்லை, அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். கம்பி சேரும் இடத்தில் ஒரு சொட்டு திரண்டு டீச்சரின் மூக்குக் கண்ணாடி மேல் விழுந்தது. அடுத்த குடை என்றார். அடுத்ததையும் நனைத்தார்கள். மூன்றாவது குடையில்தான் அவர் தலையசைத்தார். அந்தக் கடைக்காரர் பிறகு பல நாள் எங்களைக் கண்டால் குடத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். மானகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே கண்மாய்க் கரையைத் தாண்டிப் போகிற ஊர். கிறிஸ்தவ நிர்வாகப் பள்ளி. அவர் எனக்குப் பத்து வயது மூத்தவர். குள்ளமான உருவம், அகலமான தோள், பெரிய எழுத்து. சரித்திரம் பூகோளம் எடுத்தார். திருப்பத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, காரைக்குடியில் அண்ணன் வீட்டில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

மற்ற டீச்சர்கள் அவருக்குத் தெரியாமல் வைத்த பெயர் தோமையார் டீச்சர். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன அந்தத் தோமையார். அவருக்குத் தெரியாமல் என்று சொல்கிறேனே தவிர, அவருக்குத் தெரியும். ஒருநாள் சாப்பாட்டு மணியில் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "தோமையாரு கேட்டதுல என்ன தப்பு? கேட்டவருக்குத்தான் காட்டினாரு." அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பெயரை வெளிப்படையாகவே சொல்ல ஆரம்பித்தோம்.

கல்யாணமாகாத கதையையும் அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய இருபத்து நாலாவது வயதில் ஒரு மாப்பிள்ளை வந்தாராம். நல்ல வேலை, நல்ல குடும்பம். தரகர், "பையன் குடிக்க மாட்டாரு, சத்தியம்" என்று சிலுவை போட்டுக்கொண்டு சொன்னாராம். இவர் உள்ளிருந்து வந்து, "அடுத்த வாரம் எங்க ஊர்க் கோயில் திருவிழா. மாப்பிள்ளைய கொடியேத்தத்துலருந்து தேர் வரைக்கும் எங்க வீட்டுல வந்து தங்கச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பேசலாம்" என்றாராம். மாப்பிள்ளை கொடியேற்றத்துக்கு வந்தார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார். சாயங்காலம் பெட்டிக்கடைப் பக்கம் போனவர் வேட்டி நுனியில் மண்ணோடு திரும்பி வந்தார். தேர் நகர்வதற்கு முன்னால் மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டார்.

"வருத்தமா இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அவரு நல்லவருதான். அவரு சொன்ன பொய்யில்ல அது, தரகரு சொன்னது. ஆனா பாத்துட்டேனே. பாத்ததுக்கப்புறம் பாக்கலைன்னு எப்படி இருக்கிறது?"

இப்படிப்பட்டவர் பஸ்ஸிலிருந்து விழுந்தது ஒரு கார்த்திகை மாதம். மானகிரியில் இறங்கும்போது ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். பின்னால் யாரோ விசில் அடித்துவிட்டார்கள். பஸ் நகர்ந்தது. வலது முழங்கால் நொறுங்கிப் போனது. மதுரையில் வைத்துக் கம்பி போட்டார்கள். பங்குனி வாக்கில் அவர் எழுந்து நடந்தார். நடந்தார் என்றால் நன்றாகவே நடந்தார். ஆனால் வலது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. பஸ் படி ஏற முடியாது. சைக்கிள் மிதிக்க முடியாது. மானகிரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எங்களோடு நடந்து வர முடியாது.

பள்ளித் தாளாளராக இருந்த பாதர் நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து பார்த்தார். காப்பி குடித்துவிட்டு, "டீச்சர், நீண்ட லீவு போட்டுருங்க. உங்க எடத்துல தற்காலிகமா ஒருத்தரப் போட்டுக்கிறேன்" என்றார். அவர் தற்காலிகம் என்று சொன்னதை அண்ணன் நிரந்தரம் என்று கேட்டுக்கொண்டார்.

"சரிதான் பாதர். இம்புட்டு வருசம் ஒழைச்சது போதும். வீட்டுல ஒரு குறையுமில்ல" என்றார் அண்ணன்.

அண்ணன் கெட்டவரில்லை. அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவர். வீட்டில் எல்லாவற்றையும் தானே செய்தால்தான் அவருக்கு நிம்மதி. காய்கறி வாங்குவதும் அவர்தான், மனைவிக்குச் சேலை எடுப்பதும் அவர்தான். டீச்சரின் மதினி அந்தத் தெருமுனையைத் தாண்டித் தனியாகப் போய் நான் பார்த்ததில்லை.

டீச்சர் பாதரைப் பார்த்துக் கேட்டார்: "ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்குறன்னைக்கு மொத மணி அடிக்குறப்ப நான் அங்க நின்னா?"

"நின்னீகன்னா உங்க எடம் உங்களுக்குத்தான்."

"அப்ப யாரையும் போடாதீக."

சித்திரை பிறந்ததும் அவர் வண்டி தேட ஆரம்பித்தார். எனக்குக் கோடை விடுமுறை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு நான் டீச்சரோடு கடை கடையாக ஏறினேன். அண்ணனும் வருவார். தங்கைக்குத் துணைக்கு வந்தாரா, தடுக்க வந்தாரா என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது.

முதலில் போனது செக்காலை ரோட்டில் இருந்த பெரிய மொபட் கடை. கடைக்காரர் டீச்சரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அண்ணனிடம்.

"தங்கச்சிக்கு இந்தக் கலர் நல்லாருக்கும் சார். லேடீஸ் விரும்பி எடுக்குறது."

"இத எப்படி ஸ்டார்ட் பண்றது?" என்று டீச்சர் கேட்டார்.

"மிதிச்சாப் போதும் சார்" என்றார் கடைக்காரர், அண்ணனிடம்.

டீச்சர் வலது காலை நீட்டிக் காட்டினார். "இது மிதிக்காது."

"வீட்டுல இருந்து நீங்க ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துருவீகள்ல சார்?"

"வழியில நின்னுட்டா? ஒரு லிட்டருக்கு எம்புட்டு தூரம் ஓடி எங்க நிக்கும்னு சொல்லுங்க."

கடைக்காரர் சிரித்தார். "நின்னா யாராச்சும் வந்து ஒதவி பண்ண மாட்டாகளா சார்? பொம்பளப் புள்ள நின்னா ஊரே வருமே."

டீச்சர் எழுந்துவிட்டார்.

அடுத்து, பட்டனை அமுக்கினால் கிளம்புகிற ஸ்கூட்டர். அதை அவர் மிகவும் விரும்பினார். ஆனால் சீட்டு உயரம். அவர் ஏறி உட்கார்ந்தால் இடது கால் நுனிவிரல்தான் தரையைத் தொட்டது. கடைக்காரர், "பழகிரும்" என்றார். "காலு வளருமா?" என்று டீச்சர் கேட்டார். பிறகு ஒருவர், பின்னால் இரண்டு பக்கமும் சிறு சக்கரம் மாட்டிய வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். தார் ரோட்டில் அருமையாகப் போனது. கண்மாய்க் கரைக்குப் போகிற பாதையில் மாட்டுவண்டித் தடத்தில் ஒரு சக்கரம் இறங்கிக்கொண்டு ஏற மாட்டேன் என்றது. நாங்கள் தூக்கித்தான் எடுத்தோம். அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதுக்கு மேல என்ன இருக்கு? தேடியாச்சு. இல்லைன்னு ஆயிருச்சு."

"இன்னும் ஒன்னு இருக்குண்ணே" என்றார் டீச்சர்.

அந்த ஒன்று பேட்டரி வண்டி. இன்வெர்ட்டரும் கார் பேட்டரியும் விற்கிற சொக்கலிங்கம் என்ற இளைஞர், கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டு வந்து கடை வாசலில் ஒரு சிவப்பு வண்டியை நிறுத்தியிருந்தார். கரண்டில் ஓடுகிற வண்டி. பெட்ரோல் வேண்டாம், மிதிக்க வேண்டாம், கியர் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில். காரைக்குடி அப்படியொன்றை அதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட ஒருநடை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வாங்கியவர் யாருமில்லை. "மழையில ஷாக் அடிக்கும்" என்று ஒரு பேச்சு. "பாலத்து மேல போறப்ப நின்னுரும்" என்று இன்னொரு பேச்சு. சொக்கலிங்கம் தினமும் அதைத் துடைத்துப் பொட்டு வைத்து நிறுத்துவார்.

நாங்கள் உள்ளே போனதும் அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீச்சரைப் பார்த்தே பேசினார். அதிலேயே பாதி ஜெயித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"ஒரு தரம் சார்ஜ் ஏத்துனா நாப்பது கிலோமீட்டரு ஓடும் டீச்சர்."

"யாரு ஓட்டிப் பாத்தது?"

"கம்பெனியில போட்டுருக்கான்."

"கம்பெனி எங்க இருக்கு?"

"கோயம்புத்தூரு."

"கோயம்புத்தூரு ரோடு வேற, மானகிரி ரோடு வேற" என்றார் டீச்சர். "நான் ஓட்டிப் பாக்கணும். கடை வாசல்ல இல்ல. பள்ளிக்கூடம் வரைக்கும்."

சொக்கலிங்கம் கொஞ்சம் யோசித்தார். விற்காத வண்டி. பொட்டு வைத்து வைத்து அவருக்கும் அலுத்திருக்க வேண்டும். "சரி டீச்சர்" என்றார்.

டீச்சர் சின்ன வயதில் ஊரில் சைக்கிள் ஓட்டியவர். கோயில் மைதானத்தில் நாலைந்து சாயங்காலம் பழகினார். முதல் நாள் அண்ணன் வண்டியைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணு" என்றார். "பண்ணியாச்சுண்ணே" என்றார் டீச்சர். சத்தமே இல்லை. அண்ணன் குனிந்து காதை வைத்துப் பார்ப்பதற்குள் வண்டி அவர் கையை விட்டுப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சோதனைக்குக் கிளம்பினோம். முன்னால் சிவப்பு வண்டியில் டீச்சர். காலடியில் அவருடைய கைப்பை, பின் சீட்டில் கட்டிய ஒரு சாக்கு. அதில் பரீட்சைப் பேப்பர் கட்டின் கனத்துக்கு ஈடாகச் செங்கல் வைத்திருந்தார். பின்னால் மொபட்டில் சொக்கலிங்கமும் அண்ணனும். அதற்குப் பின்னால் எங்கள் ஸ்கூட்டரில் நானும் என் வீட்டுக்காரரும். மானகிரி வரை சிவப்பு வண்டி கல்யாணப் பெண் மாதிரிப் போனது. சொக்கலிங்கம் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

மானகிரியில் உள்ளே திரும்பினோம். செம்மண் பாதை. அதையும் சமாளித்தது. பிறகு கண்மாய்க் கரை. கரைமேல் ஏறுகிற இடம் சின்ன ஏற்றம்தான். நடக்கிறவர்களுக்கு ஏற்றம் என்றே தெரியாது. வண்டி பாதி ஏறியது. மெதுவானது. இன்னும் மெதுவானது. நடுவில் நின்றேவிட்டது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"கொஞ்சம் எறங்கித் தள்ளிக்கிட்டு ஏறிட்டா, அங்குட்டு எறக்கம்தான் டீச்சர்" என்றார் சொக்கலிங்கம். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது.

"தெனமும் தள்ளுறதுன்னா நான் கைவண்டி வாங்கிருவேனே."

அண்ணன் இறங்கி வந்தார். கோபமில்லை. அலுப்புதான். "போதும்மா. ஊரே பாக்குது. உனக்கு என்ன கொறை வச்சேன் நான்?" என்றார்.

டீச்சர் சொக்கலிங்கத்திடம் திரும்பினார். "நான் கொறை சொல்லலை தம்பி. இந்தக் கரை ஏறணும்னா வண்டிக்கு என்ன வேணும்? அதச் சொல்லுங்க."

சொக்கலிங்கம் வண்டியைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பெரிய மோட்டாரு வேணும். இன்னொரு பேட்டரியும் வேணும். அப்படி ஒரு வண்டி கடைக்குப் பின்னால நிக்கிது. ஆனா அத உங்களுக்குக் காட்ட வேணாம்னு இருந்தேன்."

"ஏன்?"

"பாக்க நல்லாருக்காது."

நன்றாக இல்லைதான். ஒரு சோடா வியாபாரி சரக்கு ஏற்ற வேண்டுமென்று சொல்லி வரவழைத்து, பிறகு வேண்டாமென்று விட்ட வண்டி. கழுவாத அலுமினியப் பானையின் நிறம். தாழ்ந்த சீட்டு, பின்னால் இரும்புக் கேரியர், கீழே தொப்பை மாதிரி பேட்டரிப் பெட்டி. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சோடா வண்டியிலயா பள்ளிக்கூடம் போகப் போறே?" என்றார். நானும்தான் சொன்னேன், சிவப்பு அழகாக இருந்தது என்று. டீச்சர் ஏறி உட்கார்ந்தார். இடது பாதம் முழுதாகத் தரையில் பதிந்தது. வலது காலை நீட்டி வைக்கக் கால்பலகையில் இடமிருந்தது. அவர் குனிந்து தன் இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறு" என்றார்.

அடுத்த ஞாயிறு அதே சாக்கு, அதே செங்கல், அதே ஊர்வலம். கண்மாய்க் கரை வந்ததும் சொக்கலிங்கம் மொபட்டை நிறுத்தி இறங்கிவிட்டார். உட்கார்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. ஆட்டுக்காரர்கள் இந்தத் தடவை முன்கூட்டியே எழுந்து நின்றார்கள். சாம்பல் வண்டி கரையில் ஏறியது. பாதியில் மெதுவானது. நான் என் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் வண்டியிலிருந்து ஒரு முனகல் வந்தது, பாரம் இழுக்கிற மாடு விடுகிற மூச்சு மாதிரி. நிற்கவில்லை. டீச்சரின் தலை கரைக்கு மேலே தெரிந்தது, தோள் தெரிந்தது, பிறகு மொத்த வண்டியும் கண்மாய்த் தண்ணீருக்கு முன்னால் கறுப்பாகத் தெரிந்து அங்குட்டு இறங்கி மறைந்தது.

ஆட்டுக்காரர் ஒருவர் கையைத் தட்டினார். அண்ணன் அவரை முறைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் பள்ளிக்கூட வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, புங்கமர நிழலில் நின்றார். "வாங்க, திரும்பலாம்" என்றார். திரும்பும்போது அங்குட்டுப் பக்கத்து ஏற்றத்திலும் அது ஏறியது. காரைக்குடி கடை வாசலில் போய் நின்றதும் சொக்கலிங்கம் உள்ளே ஓடி எலுமிச்சம்பழமும் சூடமும் எடுத்து வந்தார். டீச்சர் கையைக் காட்டித் தடுத்தார்.

"இன்னும் முடியலை தம்பி."

"பள்ளிக்கூடம் போயிட்டு வந்தாச்சே டீச்சர்?"

"வந்தாச்சு. ஆனா எங்க நிக்கும்னு தெரியலையே. நிக்கிற வரைக்கும் ஓட்டுறேன்."

சொக்கலிங்கம் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். டீச்சர் கிளம்பிவிட்டார். செக்காலை ரோட்டில் ஒரு முனைக்கும் கல்லுக்கட்டிக்கும் போவதும் வருவதுமாக இருந்தார். முதல் சுற்றில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு டீக்கடைக்காரர்கள் கவனித்தார்கள். பிறகு எல்லோரும். பாத்திரக் கடைக்காரர் வெளியே வந்து நின்றார். குடைக்கடைக்காரரும் வந்து நின்றார். அவருக்கு மட்டும் என்ன நடக்கிறதென்று புரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஒரு குள்ளமான டீச்சர், செங்கல் மூட்டையோடு, சத்தமே இல்லாத ஒரு சாம்பல் வண்டியில், எங்கேயும் போகாமல் போய்க்கொண்டே இருந்தார். அண்ணன் ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

வண்டி கடைசியில் இளைத்தது. நடக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். பிறகு நின்றது. நின்ற இடம், வேறெங்குமில்லாமல், அந்தப் பெரிய மொபட் கடை வாசல்.

சொக்கலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். மொபட் கடைக்காரர் வெளியே வந்தார், முகம் நிறையச் சிரிப்பு. "என்ன டீச்சர், நின்னுருச்சா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஆமா, நின்னுருச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போயி, வந்து, அதுக்கு மேல பாதித் தூரம் ஓடி நின்னுருக்கு. எங்க நிக்கும்னு பாக்கத்தான் ஓட்டுனேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க வண்டி எங்க நிக்கும்னு உங்ககிட்டயும் கேட்டேன். நீங்க சொல்லலை."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மொபட் கடைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன்தான் முதலில் வந்து வண்டியின் பின்னால் கை வைத்தார். அவரும் சொக்கலிங்கமும் தள்ள, டீச்சர் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நடக்க, நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். நின்றுபோன வண்டியை அப்படிக் கொண்டாட்டமாக யாரும் தள்ளிப் பார்த்ததில்லை.

கடையில் டீச்சர் கடைசியாக ஒன்று கேட்டார். "பேட்டரி எம்புட்டு நாளு வரும் தம்பி? கம்பெனி சொல்றது வேணாம்."

சொக்கலிங்கம் அவரைப் பார்த்துப் பழகியிருந்தார். "ரெண்டு வருசம் டீச்சர். மாசா மாசம் தண்ணி பாத்து ஊத்துனா இன்னும் கொஞ்சம் கூட வரும். அதுக்கப்புறம் மாத்தித்தான் ஆகணும். அது சின்னச் செலவில்ல. கரண்டு கட்டானா சார்ஜ் ஏறாது. மழைத் தண்ணி முழங்காலுக்கு நின்னா அதுல எறக்காதீக."

"இத மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே பாதி வாங்கியிருப்பேன்" என்றார் டீச்சர். தன் பணத்திலேயே வாங்கினார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சொக்கலிங்கத்துக்கு அனுமதி கொடுத்தார். மறுநாள் பாதரிடம் கொண்டுபோய் மந்திரித்துத் தீர்த்தமும் தெளித்து வாங்கிக்கொண்டார். பாதர் தெளித்துக்கொண்டே, "இதுல இம்புட்டு எடம் எதுக்கு டீச்சர்?" என்று கேரியரைக் காட்டிக் கேட்டாராம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் வழக்கம்போல் பஸ்ஸில் போய் மானகிரியில் இறங்கினேன். நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்தில், பக்கத்திலேயே மணிச் சத்தம் கேட்டது. சைக்கிள் மணி. அந்த வண்டியில் ஹாரன் சரியில்லையென்று அவர் சைக்கிள் மணி மாட்டியிருந்தார். "ஏறுங்க டீச்சர்" என்றார். கேரியரில் மெத்தை தைத்துப் போட்டிருந்தது.

"ரெண்டு பேரு ஏறுனா கரை ஏறுமா?"

"அது இன்னும் பாக்கலை. இப்பப் பாத்துருவோம்."

கண்மாய்க் கரையில் வண்டி முனகியது. "எறங்கிக்கிறேன் டீச்சர்" என்றேன். "அசையாம உக்காருங்க" என்றார். ஆமையாக ஊர்ந்தது. என் பாதம் இரண்டும் தரையைத் தொடத் தயாராக இருந்தன. ஆனால் தொடவில்லை. கரை உச்சிக்கு வந்ததும் கண்மாய்க் காற்று முகத்தில் அடித்தது. கீழே பள்ளிக்கூடத்து ஓடு தெரிந்தது. டீச்சர் பிரேக்கைப் பிடிக்காமல் மணியை அடித்துக்கொண்டே இறங்கினார். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடி வந்தன. வாசலில் பாதர் நின்றார். முதல் மணி அடிப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. பியூன் மணிக் கயிற்றைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிங்கண்ணே, நேரமாகலையேன்னு பாக்காதீக" என்றார் பாதர். "டீச்சர் வந்துட்டாக."

அந்த வருஷத்துக்குள் சொக்கலிங்கம் இன்னும் சில வண்டிகள் விற்றார். சுகாதார நர்ஸ் ஒருவர் வாங்கினார். நேமத்தான்பட்டியில் ஒரு ஆச்சி தன் மகளுக்கு வாங்கிக் கொடுத்தார். கடைக்குள் வருகிறவர்கள், "டீச்சர் ஓட்டுறாகளே, அந்த வண்டியக் காட்டுங்க" என்றுதான் கேட்பார்களாம். சிலர் நேராக டீச்சரிடமே வந்து, நல்ல வண்டியா என்று கேட்டார்கள். அவர் ஒருவருக்கும் நல்லது என்று சொல்லவில்லை. சாவியை எடுத்து நீட்டுவார். "நீங்க ஓட்டிப் பாருங்க" என்பார்.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஏதோ உள்ளூர் விடுமுறை. நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். சீட்டைத் தடவிப் பார்த்தார். கோயில் மைதானத்தில் டீச்சரோடு இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பழகியிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இத ஓட்டிக்கிட்டு ரோட்டுல போனா பயமா இருக்குமா?" என்று மதினி கேட்டார்.

அண்ணன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னத்துக்கு இப்ப அதெல்லாம்?" என்றார்.

"எனக்கு இருந்துச்சு. உங்களுக்கு இருக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும் மதினி?" என்றார் டீச்சர். சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். தெருமுனை வரைக்கும் போவார் என்று நினைத்தோம். தெருமுனையில் வண்டி நிற்கவில்லை. திரும்பவுமில்லை. அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்தார். செருப்பைப் போட்டார், கழற்றினார், திரும்பப் போட்டார். "எங்க போனா? எங்குட்டுப் போனா?" என்று தங்கையைக் கேட்டார். டீச்சர் என்னோடு உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறி நல்ல நேரம் கழித்து, சத்தமில்லாமல் வண்டி வாசலில் வந்து நின்றது. கேரியரில் ஒரு பை. பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. மதினியின் தலைமுடி காற்றில் கலைந்து, முகம் சிவந்திருந்தது.

"எங்க போயிட்டு வாரே?" என்றார் அண்ணன்.

"இன்னைக்குச் சந்தையில்ல? சந்தைக்குப் போனேன்" என்றார் மதினி. "நீங்க தெனம் வாங்கிட்டு வார கத்திரிக்காய விட அங்க நல்ல காயா இருக்கு. அமுக்கிப் பாத்துத்தான் எடுத்தேன்."

அண்ணன் படியிறங்கிப் போய், கேரியரிலிருந்து பையை எடுத்துக்கொண்டார். மதினி வண்டியை விட்டு இறங்கவில்லை.

"உப்பு வாங்க மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.